இந்த எஞ்சினை ஓட்டப்போகும் பாடசாலைக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பொறியியல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என்னிடம் 45 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் இரண்டு நீராவி எஞ்சின்கள் இருக்கின்றன. வீட்டுத் தோட்டத்தில் பாதை போட்டு ஓட்டுவதற்காக இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. மின்சாரமோ பற்றரியோ இல்லை. நிலக்கரி எரித்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியிலேயே ஓடுகின்றன. ஒன்றைத் திருத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மற்றது கழற்றிய நிலையில் ஒரு பிஸ்கற் தகரத்திலும் ஒரு மரப்பெட்டியிலும் கிடக்கிறது. அதை உங்கள் பாடசாலைகளில் ஒன்றுக்குத் தர விரும்புகிறேன். விலை வேண்டாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அது ஓட வேண்டும்.

கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பெயர்ப்பலகை ஒட்டுவதென்றால் தயவுசெய்து கேட்க வேண்டாம். கடுகண்ணாவையில் 2014 முதல் புகையிரத அருங்காட்சியகம் இருக்கிறது. நின்றுபோன எஞ்சினைப் பிள்ளைகள் அங்கே முழு அளவிலேயே பார்க்கலாம். ஓடும் எஞ்சின்தான் நம் பக்கத்தில் இல்லை. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கும் பிள்ளைக்கு டீசல் கோச்சியைப் பார்க்கவே மட்டக்களப்புக்கு வர வேண்டும். பாதை இங்கே முடிந்துவிடுகிறது.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. அமுக்கம், வெப்பம், பொறிகள், உலோக வேலை என்று பிள்ளைகள் எல்லாவற்றையும் படிக்கிறார்கள், ஆனால் வெவ்வேறு அலகுகளாக. இந்தப் பெட்டிக்குள் அவை ஒன்றாகவே கிடக்கின்றன.

பெற்றோர் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: வெடிக்காதா? அந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். என் எஞ்சினின் வேலை அமுக்கம் 4 பார், அதாவது வெளிக்காற்றின் அமுக்கத்துக்கு மேல் அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த அமுக்கத்தில் தண்ணீர் ஏறத்தாழ 152 பாகை செல்சியசில் கொதிக்கிறது. பொயிலர் பலவீனமாக இருந்தால் ஆபத்து உண்மையானதுதான். அதனால்தான் நெருப்பு வைப்பதற்கு முன்பே அதைச் சோதிக்கிறோம். பொயிலரில் துளியும் காற்றில்லாமல் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அமுக்கத்தை இரண்டு மடங்குக்கு, அதாவது 8 பாருக்கு ஏற்றி, அமுக்கமானியின் முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். தண்ணீர் நெருக்கத்துக்கு மசியாது. எங்காவது பிளந்தால் ஒரு கசிவோடு அமுக்கம் விழுந்துவிடும், எதுவும் பறக்காது. இதே சோதனையைக் காற்றடித்து ஒருபோதும் செய்யக்கூடாது. நெருக்கிய காற்று குண்டுக்குச் சமன். மஞ்சந்தொடுவாய் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து ஒருவரைச் சாட்சிக்கு அழைத்து, பெற்றோரின் கண்முன்னே இதைச் செய்யுங்கள். பிறகு அவர்களே பிள்ளைகளை அனுப்பிவைப்பார்கள்.

பெட்டியில் இருப்பதன் நிலையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். செம்புப் பொயிலர் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இன்னும் சோதிக்கவில்லை, ஆகவே அதை நம்ப வேண்டாம். நீர்மட்டக் கண்ணாடி உடைந்திருக்கிறது. பாதுகாப்பு வால்வின் சுருள்வில் துருப்பிடித்துப் போய்விட்டது. தண்ணீர் பட்ட பித்தளைப் பாகங்கள் சில இளஞ்சிவப்பாக மாறியிருக்கின்றன: பித்தளையிலிருந்த நாகம் கரைந்து, பஞ்சுபோன்ற செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவற்றை வெண்கலத்தில் புதிதாகக் கடைய வேண்டும். ஒரு லேத்தும் பொறுமையான கையும் இருந்தால் போதும்.

பொயிலரில் பொருத்து விட்டிருந்தால் வெள்ளிப் பற்றாசால்தான் ஒட்ட வேண்டும். சாதாரண ஈயப் பற்றாசு 183 பாகையிலேயே இளகத் தொடங்கும். ஆவியின் வெப்பத்துக்கு அது மிகக் கிட்ட. வெள்ளிப் பற்றாசுக்கு 600 பாகைக்கு மேல் வேண்டும். இந்த வேலையைக் கற்க எங்கும் போக வேண்டியதில்லை. நம் ஊர் நகைப் பட்டறைகளில் வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊதி ஒட்டுவது இதே முறைதான். ஒரு நகைத் தொழிலாளியை வகுப்புக்கு அழையுங்கள். ஆசிரியரின் இடத்தில் அவர் நிற்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

இனி நெருப்பு. நம் நாட்டில் நிலக்கரி வெட்டப்படுவதில்லை. நுரைச்சோலை மின்நிலையத்துக்குக்கூட கப்பலில்தான் வருகிறது. ஆனால் ஓர் ஓட்டத்துக்கு ஓரிரு கைப்பிடி போதும், கடலை அளவுக்கு உடைத்தது. அதை நான் தருகிறேன். நெருப்பைத் தொடங்குவதற்கு மண்ணெண்ணெயில் ஊறிய சிரட்டைக்கரியைவிட நல்ல பொருள் இல்லை. புகைபோக்கியின் மேல் ஒரு சிறிய மின்விசிறியை வைத்துக் காற்றை இழுத்தால் அமுக்கமானியின் முள் மெல்ல அசையத் தொடங்கும். 1 பார் வந்ததும் விசிறியை எடுத்துவிட்டு எஞ்சினின் சொந்த ஆவியில் இயங்கும் ஊதியைத் திறந்து, நிலக்கரியைச் சிறு சவளால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். சிரட்டைக்கரியை மட்டும் போட்டும் ஓட்டியிருக்கிறேன். ஓடுகிறது, ஆனால் சவளைக் கீழே வைக்க நேரம் கிடைக்காது.

எஞ்சின் நகரத் தொடங்கியதும் நடப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். சிலிண்டரில் வேலை முடித்த ஆவி புகைபோக்கி வழியே பீறிட்டுப் போகிறது. போகும் வேகத்தில் அடுப்பிலிருந்து பொயிலருக்குள் ஓடும் தீக்குழாய்களுக்கூடாகக் காற்றை இழுக்கிறது. பாரம் கூடினால் ஆவி கூடச் செலவாகும். ஆவி கூடப் போனால் இழுவை கூடும். இழுவை கூடினால் நெருப்புக் கனலும். ஒரு திருகையும் தொடாமல் எஞ்சின் தன் தேவையைத் தானே அறிந்து நெருப்பை வளர்க்கிறது. 1829இல் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த எஞ்சின் போட்டியில் ஸ்டீபன்சன்களின் ‘ரொக்கெற்’ எஞ்சின் வென்றதற்கு இந்த இழுவையும் பொயிலருக்குள் ஓடிய 25 செம்புக் குழாய்களும் பெரிய காரணங்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

சிறிய எஞ்சின் பெரியதைவிட ஏன் சீக்கிரம் ஆறிவிடுகிறது என்றும் கேளுங்கள். 32இல் ஒரு பங்காகச் சிறுத்தால் மேற்பரப்பு 1024இல் ஒன்றாகிறது, கனவளவோ 32,768இல் ஒன்று. வெப்பத்தைத் தேக்கும் கனவளவு குறைந்த அளவுக்கு அதை இழக்கும் மேற்பரப்பு குறையவில்லை. நீர்மட்டக் கண்ணாடி சில வேளைகளில் பொய் சொல்வதற்குக் காரணம் மயிர்த்துளைத்தன்மை, அதாவது ஒடுங்கிய குழாயில் தண்ணீர் தானாகவே மேலேறி நிற்பது. அந்தப் பொய்யை அடையாளம் காணத் தெரியாதவர் ஓட்டக்கூடாது. அடுப்பின் கூரைக்கு மேல் தண்ணீர் இல்லாமற்போனால் செம்பு இளகிவிடும். வாவியோரக் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டாம், உவரும் காரையும் படியும். மாரியில் மழைத்தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தால் வருடம் முழுக்கக் காணும்.

தண்டவாளத்துக்கு வளைவின் ஆரை 3 மீற்றர் இருந்தால் நல்லது. இடுப்பளவு உயரத்தில் பழைய இரும்புக் குழாய்களை நட்டுப் போடுங்கள். மரக்கட்டைகளைக் கறையான் விடாது. மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டக் குழாயால் மட்டம் பார்த்தால் போதும்.

பெண்கள் பாடசாலைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டு பாடசாலைகள் சேர்ந்து கேட்டால் இன்னும் மகிழ்ச்சி. ஒன்று பொயிலரையும் மற்றது சில்லுகளையும் சிலிண்டர்களையும் பார்க்கலாம். ஒலுவிலில் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கும் உங்கள் பழைய மாணவர்களையும் இழுத்து வாருங்கள்.

விருப்பமுள்ள ஆசிரியர் அதிபரின் சம்மதத்தோடு மூன்று விடயங்களை எழுதித் தாருங்கள்: லேத் எங்கே இருக்கிறது, பாதை போட எந்த இடம், பொறுப்பேற்கும் பிள்ளைகள் எந்த வகுப்பு. பாடசாலையை முடிவு செய்ததும் பெட்டியை நானே கொண்டுவந்து தருகிறேன். சோதனைக்கான கைப்பம்பும் அமுக்கமானியும் என்னிடம் உண்டு, இரவலாகத் தரலாம். முதல் நாள் பொயிலரை மட்டும் மேசையில் வைப்போம். மழைத்தண்ணீர் ஒரு வாளியும் பழைய துணியும் ஆயத்தமாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
கல்லடியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற பிற்றர்