முதல் கத்தி வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

தனியாகச் சமைக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு, புறக்கோட்டையில் பெட்டியோடு விற்கும் ஆறு கத்திச் செட்டையே பலரும் வாங்கிக் கொடுக்கிறார்கள். அதில் பாதி பாவனைக்கே வராது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல கத்தியும் ஒரு சாணைக்கல்லும் வாங்கலாம்.

அலகு 18 முதல் 20 செ.மீ. நீளம் போதும். முதுகு சுமார் 2 மி.மீ. இருக்கட்டும், அதைவிடத் தடித்தால் கரட்டும் பூசணியும் வெட்டுப்படாமல் பிளந்துபோகும். கைப்பிடிப் பக்கம் அலகின் அகலம் 4.5 செ.மீ. அளவில் இல்லாவிட்டால் விரல் மூட்டு பலகையில் இடிக்கும். வாங்கும்போதே கூர் விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வளைவு உண்டா என்று பாருங்கள். இடைவெளி விட்ட மரப்பிடியைவிட வார்த்த பிளாஸ்டிக் பிடி மேல். மீன் தண்ணீர் உள்ளே தங்காது.

கார்பன் உருக்கு இலகுவில் கூராகும், உண்மைதான். ஆனால் கொழும்பின் உப்புக்காற்றில், தேசிக்காய் வெட்டித் துடைக்காமல் வைத்தால் உடனே கறுத்துத் துருவேறும். முதல் கத்தி ஸ்டெயின்லெஸ் ஆகவே இருக்கட்டும். 'சாணையே வேண்டாம்' என்று விற்பவை பெரும்பாலும் பல் வைத்தவை. மழுங்கினால் எறியத்தான் வேண்டும்.

சாணைக்கல் 1000 கிரிட் (கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) ஆக இருக்கட்டும். கத்தியின் முதுகு கல்லிலிருந்து ஒன்றேகால் செ.மீ. உயர்ந்து நிற்கத் தீட்டுங்கள். மறுபக்கத்தில் மெல்லிய உலோகப் பிசிர் விரலில் தட்டுப்பட்ட பிறகே திருப்ப வேண்டும். பலர் அதற்கு முன்பே திருப்பிவிடுவதால்தான் கூர் ஏறுவதில்லை. கண்ணாடிப் பலகையும் ஆட்டெலும்பும் இந்தக் கத்திக்கு ஆகாது.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06