காய்ச்சலில் கிடப்பவரைக் களத்துக்கு அழைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அக்கிதிம்மனஹள்ளி ஹாக்கி மைதானத்தில் கூடும் பெங்களூர்த் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நம் அணியின் டிராக் பிளிக் வீரர் இறங்குவாரா என்ற பேச்சு மூன்று நாட்களாக ஆஸ்டின் டவுன் டீக்கடையிலிருந்து அல்சூர் வரை சுற்றி வருகிறது. எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் பெனால்டி கார்னரில், ஒருவர் கோல் எல்லைக்கோட்டிலிருந்து தள்ளிவிட, இன்னொருவர் நிறுத்திக் கொடுக்கும் பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டிக் கோலை நோக்கி அனுப்புவதுதான் டிராக் பிளிக். அந்த வீரருக்கு வைரல் காய்ச்சல் என்று தெரிந்த பின்னும், "முழு ஆட்டம் வேண்டாம், பெனால்டி கார்னர் கிடைக்கும்போது மட்டும் வந்து அடித்துவிட்டுப் போகட்டும்" என்று உங்களில் சிலர் பயிற்சியாளரிடமே சொன்னதாக அறிந்தேன். அது நடக்கக்கூடிய காரியமில்லை.

ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் நடுவர் பெனால்டி கார்னர் கொடுத்த நொடியிலிருந்து அது முடியும்வரை, தடுக்கும் அணியின் கோல்கீப்பருக்கு அடிபடுவது போன்ற நிலை வந்தாலொழிய, மாற்றத்துக்கு இடமில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் விசில் கேட்டதும் எழுந்து உள்ளே ஓடிவர முடியாது. அவர் ஏற்கெனவே களத்தில் நின்றிருக்க வேண்டும், நிற்கும் நேரமெல்லாம் மற்றவர்களைப் போல ஓடவும் வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு, பெருமைப்படும் தகுதியில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரிலேயே ஒரு லீக் ஆட்டத்தில், காய்ச்சலை மறைத்து, மாத்திரை விழுங்கிவிட்டு இறங்கினேன். பெனால்டி கார்னரில் பந்தை நிறுத்திக் கொடுப்பது என் வேலை. கோலுக்கு முன்னுள்ள 'டி' வட்டத்தின் விளிம்பில் மட்டையைத் தரையோடு படுக்கவைத்துக் குனிந்தபோது விரல்கள் நடுங்கின. பந்து மட்டையின் மேல் ஏறித் தாண்டிப் போனது, எதிரணி அதை எடுத்துக்கொண்டு போய்க் கோலே போட்டுவிட்டது. தோல்வியைக்கூட மறந்துவிட்டேன். அன்று என்னோடு ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்த நால்வர் அடுத்த வாரம் படுத்த படுக்கையானதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

2020 ஆகஸ்டில் இங்குள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) மையத்து முகாமுக்கு வந்த இந்திய வீரர்களில் கேப்டன் மன்பிரீத் சிங் உட்பட ஆறு பேருக்குக் கொரோனா உறுதியானது. ஆக்சிஜன் அளவு குறைந்த மன்தீப் சிங் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர்களுக்கு ஓய்வு கொடுத்ததால் எதுவும் கெட்டுவிடவில்லை. மறு ஆண்டு டோக்கியோவில் 41 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த ஒலிம்பிக் பதக்கத்தில் இருவருக்கும் பங்குண்டு.

ஒருவர் இல்லாவிட்டால் எதுவும் குறையாது என்று நான் வாதாடவில்லை. 2024 பாரிஸ் காலிறுதியில் 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்ற பிறகு, பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து, பிரிட்டனை ஷூட்அவுட்டில் வென்றோம். ஆனால் பெனால்டி கார்னர்களில் முதல் ஆளாகப் பாய்ந்து தடுக்கும் அவர், அந்த அட்டையால் வந்த தடையால் ஆட முடியாத அரையிறுதியில், ஜெர்மனியின் பெய்லட் பெனால்டி கார்னரிலேயே கோல் அடித்தார். 2-3 என்று தோற்றோம்.

ஆகவே பேச வேண்டியது மாற்று ஏற்பாட்டைப் பற்றித்தான். பந்தை நிறுத்திக் கொடுப்பவரையே டிராக் பிளிக் அடிக்கச் சொல்லலாம் என்கிறீர்கள். அது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் ஒரு ஓட்டையை அடைக்கப் போய் இரண்டு ஓட்டை விழும். பந்தைத் தள்ளிவிடுபவரும் நிறுத்துபவரும் மாதக்கணக்கில் சேர்ந்து பழகிய ஜோடி. அதைக் கலைக்காமல், இரண்டாவது வரிசைத் தற்காப்பு வீரரை அடிக்க விடலாம். அவருக்கு டிராக் பிளிக் கைவராவிட்டால் தரையோடு நேராக அடிக்கட்டும். கோல் கம்பத்தருகே ஓடிவருபவர் மட்டையை நீட்டித் திசைதிருப்பிக்கொள்வார். முன்களத்து மூவரை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஞாயிறன்று அவருக்குப் பதிலாக அடிக்கும் பையன் முதல் அடியைத் தவறவிட்டாலும், "அவன் இருந்திருந்தால்" என்று காலரியிலிருந்து குரல் கொடுக்காதீர்கள். நாம் மேலே பேசுவது கீழே பெஞ்சு வரை தெளிவாகக் கேட்கும். நான் அங்கே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு மேல்வரிசையில் உட்காரும் ஒரு பழைய ஆட்டக்காரன்