செட் ஆவது வேறு, கெட்டிப்படுவது வேறு

அன்பு மாப்ளே,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. பாப்பா கல்யாணத்துக்கும் வர முடியாமல் போயிற்று. அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆன வாரம் அது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். "அவன் முகத்தைத் தூக்கி வச்சிருப்பான், நீயே முதல்ல எழுது" என்று தினமும் நச்சரிப்பு. திட்டுவதை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. கொத்தனார்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கக் கொடுத்திருந்தார்கள், நாற்பது பக்கம். பக்கத்துக்குப் பக்கம் ‘செட்’ என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. ‘ஹைட்ரேஷன்’, ‘செக்ரிகேஷன்’ என்பவற்றுக்கெல்லாம் நாலு அகராதி புரட்டியவன், இந்தப் பொடிச் சொல்லை மட்டும் நின்று பார்க்கவே இல்லை.

அஸ்திவாரத்துக்கு அளவு போட்டுக் கோடு இழுப்பது ‘செட்டிங் அவுட்’. மூலைமட்டம் ‘செட் ஸ்கொயர்’. காம்பவுண்டிலிருந்து விட வேண்டிய இடம் ‘செட்பேக்’. கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாம் சேர்ந்தால் அது ஒரு செட். இவற்றில் குழப்பமில்லை. சிமெண்ட் வந்த இடத்தில்தான் தவறினேன். ‘செட்’ ஆவதற்கும் இறுகுதல், ‘ஹார்டன்’ ஆவதற்கும் இறுகுதல் என்று எழுதி வைத்துவிட்டேன். "கான்கிரீட் இறுகிவிட்டாலும் இறுகிவிட்டதாக எண்ணிப் பாரம் ஏற்றக் கூடாது" என்று ஒரு வாக்கியம். எழுதும்போது கண்ணில் உறுத்தவில்லையே மாப்ளே!

எதிர்வீட்டில் மாடி கட்டுகிறார்கள். அங்கே இருக்கும் கொத்தனாரிடம் பக்கங்களைக் கொடுத்தேன். விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றார். "சார், இறுகிடுச்சுன்னா ஏறலாமா, கூடாதா?" எனக்குப் பதில் வரவில்லை. அவரே காலையில் பூசிய ஒரு திட்டுக்குக் கூட்டிப்போனார். கட்டைவிரலால் அழுத்தினார். ரேகை லேசாகப் பதிந்தது, விரல் உள்ளே இறங்கவில்லை. "இது செட்டு. இனிமே குழையாது, தண்ணி ஊத்திக் கிளறவும் கூடாது." பிறகு கரண்டி முனையால் ஒரு கீறல். மணல் மணலாக உதிர்ந்தது. "ஆனா பாருங்க, இன்னும் கெட்டி இல்ல."

முப்பது வருஷம் சைட்டில் நின்ற உனக்கு இது புதிதில்லை. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன்னால் செட் ஆகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் செட் ஆகி முடிய வேண்டும் என்பது நம் நாட்டு விதி. விகாட் என்ற சோதனை ஊசியைச் சிமெண்ட் குழைவில் இறக்கிப் பார்ப்பதும், சட்டென்று செட் ஆகாமல் இருக்க ஜிப்சம் சேர்ப்பதும் இதற்காகத்தான். பலத்துக்கான கணக்கோ 28 நாள். இந்த இரண்டுக்கும் நான் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறேன். அதை நம்பி ஒருவன் தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரித்தால்? மொட்டையின் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அந்த மழைநாளும், நாம் மூன்று பேரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் ராத்திரி முழுக்க நினைவில் வந்துகொண்டே இருந்தன.

தூக்கம் வராததால் அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு அகராதியில் மிக நீளமான பதிவே இதுதான். வினையாக மட்டும் 430 பொருள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம். உன் மச்சினன் மூன்று வருஷமாக எழுதும் ஆய்வேடு அந்த அளவு தேறுமா என்று கேள். பிற்பாடு ‘ரன்’ 645 பொருளோடு அதைத் தாண்டிவிட்டதாம். எனக்கு இதுவே போதும்.

ஆனால் வேர் இருக்கிறதே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்கார வை. நம் இரு, இருத்து மாதிரி. வீழ், வீழ்த்து என்று நாம் சொல்வதை அவர்கள் ‘ஃபால்’, ‘ஃபெல்’ என்கிறார்கள். மேசையில் தட்டை வைப்பது, அலாரம் வைப்பது, விலகிய எலும்பைப் பொருத்துவது எல்லாமே ஒன்றை அதன் இடத்தில் இருத்துவதுதான். சூரியன் ‘செட்’ ஆவதும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் அந்திக்கு ‘செட்ல்காங்’ என்று பெயர், இருக்கைக்குப் போவது என்று பொருள். கோழியை முட்டைமேல் உட்கார வைப்பதற்கும் இதே ‘செட்’.

இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பொழுது அடையுது என்கிறோம். கோழியை அடை வைக்கிறோம். அவர்கள் சொல்லும் நம் சொல்லும் சூரியனையும் கோழியையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன! உங்கள் அப்பத்தா பொழுது சாய்ந்ததும் தவிட்டுக் கூடையில் வைக்கோல் போட்டு, பதினொரு முட்டையை ஒவ்வொன்றாக அடுக்கி, கோழியின் முதுகைத் தடவிக்கொண்டே இறக்கிவிடுவாளே, அந்தக் கையை அப்படியே பார்த்தேன்.

பம்ப்செட், மைக்செட், ‘நம்ம செட்டு’ என்பதில் வருவது வேறு வழியில் வந்து கலந்தது. லத்தீனில் பின்தொடர்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததாம். கட்டும் செட்டுமாகக் குடித்தனம் என்கிறோமே, அந்தச் செட்டு நம்முடையது, அதற்கும் இதற்கும் உறவில்லை. செட் தோசைக் கணக்கை இங்கே இழுக்காதே, எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பக்கங்களைத் திரும்பக் கேட்டு வாங்கிவிட்டேன், நல்லவேளை அச்சுக்குப் போகவில்லை. முதலாவதற்கு ‘செட் ஆகுதல்’ என்றே போடுகிறேன். சைட்டில் புழங்கும் சொல் அதுதான், தனித்தமிழ் பேசும் நம் பெருசு கோபித்தாலும் சரி. இரண்டாவதற்குக் ‘கெட்டிப்படுதல்’ என்று எழுதி, "செட் ஆனது கெட்டிப்பட்டதாகாது, ஏறாதே, பாரம் வைக்காதே" என்று தனி வரியில் திருத்தியிருக்கிறேன். ஆனால் கோயம்புத்தூர்ப் பக்கம் கெட்டிப்படுதல் என்பார்களா, பலம் ஏறுதல் என்பார்களா? ஒன்பதிலிருந்து பதினாலு வரையான பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலோடு உட்கார். ஒரு வரியையும் விடாதே. திங்கட்கிழமைக்குள் போன் பண்ணு.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பாப்பாவுக்கான சேலை அம்மாவின் பெட்டியில் இருக்கிறது.

உன்
கூட்டாளி