டாக்கீஸ் மெஷின்களைக் காப்பாற்ற இன்னும் ரூ.1,63,500 வேண்டும்

உ

ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிழைக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளே, வணக்கம்.

நம் டாக்கீஸ் கட்டடம் கைமாறிவிட்டது. ஆவணி பிறந்ததும் இடிக்கப் போகிறார்கள். பழைய உரிமையாளர் குடும்பத்தார் பெரிய மனது வைத்து, படம் ஓட்டும் அறையான கேபினில் இருக்கும் இரண்டு புரொஜெக்டர்களையும் ஊருக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார்கள். ஆடி முடிவதற்குள் இறக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தவறினால் பழைய இரும்புக் கடைதான். எடைக்குக் கேட்டு ஏற்கெனவே ஆள் வந்துவிட்டுப் போயாயிற்று. ஆடியில் நல்ல காரியம் ஆகாதே என்று சிலர் தயங்குகிறார்கள். ஆடியில் மெஷினை இறக்கி மட்டும் வைப்போம். பூஜை போட்டு ஓட்டுவது விநாயகர் சதுர்த்தி அன்று.

கொங்குச் சீமைக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. கோயம்புத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தபோது, 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கினார். அந்த வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். இன்றைக்கும் அந்தத் தெருவுக்கு வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். 1931இல் தமிழ்ப் படம் பேச ஆரம்பித்த பிறகு, கூடாரம் டூரிங் டாக்கீஸ் ஆயிற்று. மணல் தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு; மாலை ஆட்டம், இரவு ஆட்டம் என்று இரண்டே காட்சி. நம் டாக்கீஸும் கீற்றுக் கொட்டகையில் பிறந்து, ஓட்டுக் கூரைக்கு மாறி, பிறகு நிரந்தரக் கட்டடமாக உயர்ந்ததுதான். அந்த வீதியில் இருக்கும் டீக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு, முறுக்குக் கடை எல்லாமே ஆட்டம் விடும் நேரத்தை நம்பி வளர்ந்தவை. அந்த வீதிக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் ரசீது போடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

“பழைய மெஷினுக்கு இவ்வளவு செலவா?” என்று கேட்பவர்களுக்கு:

35 எம்.எம். ஃபிலிம் நொடிக்கு 24 சின்னப் படம், அதாவது நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. ஒவ்வொரு சின்னப் படமும் விளக்கு முன்னால் வந்து நின்று, பிறகு நகர வேண்டும். அந்த வேலையைச் செய்வது மால்டீஸ் கிராஸ் என்ற, நான்கு பள்ளம் வெட்டிய சக்கரம். அதைத் தள்ளும் ஊசி ஒரு சுற்றுச் சுற்றினால் கிராஸ் கால் சுற்றுத் திரும்பும். ஃபிலிமை இழுக்கும் 16 பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் நான்கு பல் நகரும். ஒரு படம் இறங்கும். மணிக்கு 86,400 தடவை இது நடக்கிறது. கிராஸ் எண்ணெய்க்குள் மூழ்கியே இருக்க வேண்டும். இத்தனை வருடம் ஓடாததால் நம் மெஷின்களில் எண்ணெய் கெட்டிப் பிசினாகிவிட்டது. ஆர்வக்கோளாறில் யாரும் மோட்டாரைப் போட்டுப் பார்த்துவிடாதீர்கள்: ஊசியும் கிராஸின் பள்ளமும் கீறிக்கொண்டால் படம் திரையில் குதிக்கும், அதற்கு மருந்தே கிடையாது. பெட்டியைத் திறந்து மண்ணெண்ணெயில் கழுவி, புது எண்ணெய் விட்டு, முதலில் கையால்தான் சுற்ற வேண்டும். ஸ்ப்ராக்கெட் பற்களும் கொக்கி போல் தேய்ந்திருக்கின்றன. அப்படியே ஓட்டினால் ஃபிலிமின் ஓட்டைகளைக் கிழித்துவிடும். கோவை லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்துதான் ஆக வேண்டும்.

ஒரு மெஷின், கார்பன் குச்சி எரிந்த அதே ஆர்க் விளக்குக் கூட்டோடு, பார்வைக்கு மட்டும். கார்பன் புகையை வெளியேற்றக் கூரைக்கு மேல் குழாய் வேண்டும், நூலகத்துக்குப் பின்னால் மெஷின்களை வைக்கப்போகும் சின்ன அறைக்கு அது சரிவராது. மற்றொன்றில் எல்.இ.டி. விளக்கு பொருத்தி, மாதம் ஒரு ரீல் ஓட்டிக் காட்டுவோம். ஒலிக்கு, ஃபிலிம் ஓரத்து ஒலிக்கோட்டில் வெளிச்சம் பாய்ச்சும் எக்சைட்டர் பல்பு அதே இடத்தில் இருக்கும்; ஆம்ப்ளிஃபயர் மட்டும் புதிது. கேபின் ஜன்னலின் இரும்பு ஷட்டர்களையும் கழற்றி எடுத்து வருகிறோம். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். தீ அரங்குக்குள் பரவாமல் தடுக்கத்தான் அந்த ஷட்டர். பிள்ளைகள் பார்க்கட்டும்.

செலவுக் கணக்கு: செயின் பிளாக் (கனம் தூக்கும் சங்கிலிக் கப்பி) கட்டி மாடியிலிருந்து இறக்க, லாரி, கூலி ரூ.42,000. இரண்டு மெஷினையும் பிரித்துக் கழுவி, பாகம் கடைந்து பூட்ட ரூ.1,18,000. விளக்கு, மின் இணைப்பு ரூ.76,000. ஒலி ரூ.34,000. நூலகத்துக்குப் பின்னால் உள்ள அறைக்குக் கான்கிரீட் தளம், திரை, கதவு ரூ.1,65,000. ஆக மொத்தம் ரூ.4,35,000. தளத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். விளக்குக் கூடு, பீடம் எல்லாம் சேர்ந்தால் ஒரு மெஷினே நாலைந்து ஆள் தூக்க முடியாத கனம், ஓடும்போது அதிர்வு வேறு.

இதுவரை வந்தது ரூ.2,71,500. இதைக் கொடுத்தவர்களை எப்படி நன்றி சொல்லி முடிப்பது? கேட்காமலே முதல் ரசீது எழுதச் சொன்னவர் பேருந்து நிலையத்துப் பூக்கார அம்மா. பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்கள் ஆளுக்கு 100 ரூபாய் கொடுத்தார்கள். மகளிர் குழுக்கள் நான்கு, சந்தாப் பணத்திலிருந்து ஒதுக்கித் தந்தன. விசைத்தறிக்காரர்கள் வேலை மந்தமான இந்த மாதத்திலும் தறிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தந்தார்கள். சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் இருக்கும் நம் பையன்கள் சேர்ந்து அனுப்பியது மட்டுமே ரூ.60,000. பழைய ஆபரேட்டர் ஐயா கூலி வாங்க மறுத்துவிட்டார். மெஷினைப் பூட்டும்வரை கூடவே இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். காலம் தாழ்த்த முடியாததற்கு அதுவும் ஒரு காரணம். இவர்கள் எல்லோருக்கும் அம்மன் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

எழுதிய தொகையை இன்னும் தராதவர்களும் இருக்கிறார்கள். பெயர் சொல்லப்போவதில்லை. ஆனால் பட்டியல் நூலகப் பலகையில் ஒட்டப்படும், தொகைக்கு எதிரே வந்தது வராதது தெரியும்.

ஆடி 20க்குள் செயின் பிளாக்குக்கும் லாரிக்கும் முன்பணம் கட்டியாக வேண்டும். ரசீதுப் புத்தகம் தினமும் மாலை 5 மணி முதல் 8 மணி வரை நூலகத்தில் இருக்கும். வெளியூர் அன்பர்களுக்கான வங்கிக் கணக்கு எண் ரசீதின் பின்புறம் உள்ளது. பணம் முடியாதவர்கள், இறக்கும் நாளன்று காலை 6 மணிக்கு ஒரு ஆளாக வந்து கை கொடுத்தால் போதும். கயிறும் மரக்கட்டையும் குழு கொண்டுவரும்.

இப்படிக்கு,
குழுவினர்