ஆண்டறிக்கை: கழிமுகம் அடைபட்டால் கடலில் இறால் ஏது?

சங்கத்து உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன, தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் துறைமுகத்தில் பேஹெட் அலையாத்திக் காட்டோரம் பிளாஸ்டிக் பொறுக்கப் போனோம், மூத்தவர்கள் சிலரை இழந்தோம், அவர்கள் வீடுகளுக்குப் போய் வந்தோம். சரி, இந்த ஆண்டு எல்லாக் கூட்டத்திலும் ஏதோ ஒரு வடிவில் எழுந்த கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதைப் பாதியிலேயே விட்டுவிட்டுக் கலைந்துபோனோம். டர்பனுக்கு வடக்கே, துகேலா ஆறு கடலில் சேரும் கரையோரத்தில் வெள்ளை இறால் ஏன் இப்படிக் குறைந்துபோனது?

இழுவைப் படகுகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன என்று பலர் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் அது பாதிக் கதைதான். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது, பெரிய பெண் இறால் ஒன்றே இலட்சக்கணக்கில் இடும். பொரிந்த குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து, உருமாறி உருமாறி, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வந்ததும் அலையேற்றத்தோடு, ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்துக்குள் நுழைகிறது. உள்ளே சேற்றுப் படுகையில் சில மாதம் தின்று வளர்ந்து, அரைப் பருவத்தில் மறுபடி கடலுக்குப் போகிறது. புலி இறாலுக்கு அலையாத்தி வேர்கள் பிடிக்கும், வேறு சில வகைகள் மணலைத் தேடிப் போகும், ஆனால் பயணம் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மொத்த ஆயுளே ஒரு வருஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். போன வருஷம் பிடிபடாதது பெருத்து நின்று இந்த வருஷம் ஈடுகட்டும் என்ற கணக்கு இறாலிடம் செல்லாது. இந்த வருஷம் எத்தனை குஞ்சு உள்ளே போனது, அதில் எத்தனை பிழைத்து வெளியே வந்தது, அவ்வளவுதான் அடுத்த பருவத்து இறால்.

இப்போது துகேலாவுக்கு வடக்கே உள்ள செயின்ட் லூசியா ஏரிக் கழிமுகத்தை நினைத்துப் பாருங்கள். துகேலா கரைக்கு இறால் அனுப்பிய பெரிய நாற்றங்கால் அது. ஆற்றுச் சேறு வந்து ஏரி தூர்ந்துவிடும் என்று பயந்து 1952இல் உம்ஃபொலோசி ஆற்றுக்குத் தனி முகத்துவாரம் வெட்டினார்கள், ஏரிக்கு அந்த நன்னீர் இல்லாமல் போனது. 2002இல் ஏரியின் வாய், அதாவது கடலுக்குத் திறக்கும் முகத்துவாரம், மணலால் மூடிக்கொண்டது. 2006இல் வறட்சியால் ஏரியின் பெரும்பகுதி காய்ந்தே போனது, மிச்சமிருந்த தண்ணீரில் சில இடங்களில் கடலைவிட உப்பு அதிகம். 2007 மார்ச்சில் கடல் கொந்தளித்து வாயைத் திறந்தது, ஆகஸ்ட்டில் அதுவும் மூடிக்கொண்டது. ஏரியை ஆற்றோடு மறுபடி இணைக்கும் வேலை 2012இல்தான் தொடங்கியது, 2021 ஜனவரி 6ஆம் தேதி இயந்திரம் வைத்து வாயை வெட்டித் திறந்தார்கள். இத்தனை வருஷம் வாசல் அடைந்து கிடந்தால் ஒரே வருஷம் வாழும் பிராணி என்ன செய்யும்? கடலில் எத்தனை தாய் இறால் முட்டையிட்டாலும் குஞ்சு போக இடமில்லை. அந்த ஆண்டுகளில் ஆழமற்ற கடலின் இறால் மீன்பிடி சரிந்ததற்குப் பெரிய காரணமாக ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான்.

வாயை வெட்டியது சரியா தவறா என்று நம் கூட்டத்தில் சத்தம் போட்டுக்கொண்டோம், விஞ்ஞானிகளும் இதில் ஒன்றுபடவில்லை. ஆற்றோடு சேறும் சேர்ந்து வருகிறது, அது சேற்றுப் படுகையின் உயிர்களை மூடிவிடும் என்ற கவலை நியாயமானது. என் கருத்து, ஆறே தன் வெள்ளத்தால் வாயைத் திறக்கும் அளவுக்கு அதில் தண்ணீர் ஓட வேண்டும். மேட்டில் கரும்புக்கும் ஊர்களுக்கும் எடுத்தது போக ஒன்றும் மிஞ்சாத வறட்சிக் காலத்தில் வாயை மட்டும் பேசிப் பயனில்லை.

நம்மூர் டர்பன் விரிகுடாவைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. அதிலிருந்த சாலிஸ்பரி தீவில் வலை வீசி வாழ்ந்த ஒப்பந்தக் கூலிக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் தீவு கடற்படைக்குப் போனது, அப்புறம் துறைமுகம் பெருக்கப் பெருக்க அலையாத்தி அழிந்தது, பேஹெட்டில் மிஞ்சியது ஏறத்தாழ 15 ஹெக்டேர். அந்தத் துண்டுக்குள் இன்னும் இறால் குஞ்சு வளர்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். 2021 ஜூலையில் கார்னூபியாவில் பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்து அந்த நஞ்சு உம்ஷ்லாங்கா கழிமுகத்துக்குள் ஓடியதையும், 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் உடைந்த சாக்கடைக் குழாய்களின் கழிவு ஆறுகளில் கலந்ததையும் எல்லோரும் பார்த்தோம். கடலில் பெரிய இறால் கொஞ்சம் விலகிப் போகலாம், முகத்துவாரத்துக்குள் இருக்கும் குஞ்சு எங்கே விலகும்?

2019இல் துகேலா கரையோரக் கடலில் உதுகேலா கடல் பாதுகாப்புப் பகுதி அறிவிக்கப்பட்டதை வரவேற்கிறோம். கடலில் பாதுகாப்பு வந்துவிட்டது, கழிமுகத்துக்கும் அதே அக்கறை வேண்டும்.

எனவே செயற்குழு முன்வைக்கும் தீர்மானம் இது. துப்புரவுப் பணியை வசந்தத்துக்கு முன்பே முடிப்போம், கோடையில் குஞ்சு நிறைந்திருக்கும்போது சேற்றை மிதிக்க வேண்டாம். சாக்கடைக் குழாய்களைப் பழுதுபார்ப்பது எந்த நிலையில் இருக்கிறது என்று நகராட்சியிடம் எழுத்தில் கேட்போம், பதில் வராவிட்டால் மறுபடி கேட்போம். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள், மாற்றுக் கருத்துள்ளவர்கள் முதலில் பேசலாம்.

செயலாளர்