‘மெட்ராஸ் ஐ’ என்று சொன்னவன் எழுதும் மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து பிசியோதெரபிஸ்ட் நண்பர்களுக்கு,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் 18 வருடமாகச் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். இரண்டு கட்டில், மின்சாரத்தால் வலி குறைக்கும் ஒரு ஐஎஃப்டி மெஷின், இழுவை கொடுக்கும் ஒரு டிராக்‌ஷன். உங்களில் பலருக்கு இருக்கும் மேல்படிப்பும் பட்டமும் எனக்கு இல்லை. சாதாரண வலிபோல வரும் மூட்டு வாத நோயைக் கண்டுகொள்ளாமல் நான் சறுக்கிய கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் சிப்காட் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பையன் வந்தான். வயது 26. டாக்டர் கொடுத்த சீட்டில் ‘இடுப்பு வலி, 10 சிட்டிங்’ என்று எழுதியிருந்தது. எக்ஸ்ரே நார்மல். பத்துப் பத்தாக 40 சிட்டிங் ஓடிவிட்டது. நடுவில் அவனே சொன்னான்: “சார், வேலைக்குப் போனா நல்லாத்தான் இருக்கு. லீவு நாள்ல படுத்துக் கெடந்தாத்தான் வலி. விடியக்காலை மூணு மணிக்கு எழுப்பி விட்டுடுது. வாசல்ல கொஞ்ச நேரம் நடந்துட்டு வந்து படுக்கிறேன்.” நான் மெத்தையை மாற்றச் சொன்னேன். ஒரு வாரம் வலது பிட்டத்தில் வலி, அடுத்த வாரம் இடது. நரம்பு அழுந்தி வரும் சயாட்டிகாதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒருநாள் ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசியபடி வந்து நின்றான். “மெட்ராஸ் ஐ-டா, எல்லாருக்கும் ஒட்டிக்கும், நாலு நாள் கழிச்சு வா” என்று வாசலோடு அனுப்பிவிட்டேன்.

அவன் போன இடத்தில் கண் டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கேட்டாராம்: “தம்பி, உனக்கு இடுப்பு வலி உண்டா?”

யுவைட்டிஸ், கண்ணுக்குள் அழற்சி. அப்புறம் எம்ஆர்ஐ. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முதுகெலும்பை இறுக்கும் மூட்டு வாதம்.

இது எனக்குத் தெரியாத பாடம் இல்லை. பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்: 40 வயதுக்குள் மெல்ல மெல்லத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலி, ஓய்வில் கூடும், அசைந்தால் குறையும், பின்னிரவில் எழுப்பும். சீட்டில் வேறு பெயர் இருந்ததால் காது அடைத்துவிட்டது, அவ்வளவுதான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். சீட்டு அனுப்புகிற டாக்டரிடம் “இது வேறு மாதிரி தெரிகிறதே” என்று சொல்ல நமக்கு பயம். அவர் கோபித்துக்கொண்டால் அடுத்த மாதம் கட்டில் காலி. இந்த பயம் உங்களுக்கும் இருக்கும்.

ஆனால் ஓபி கூட்டத்தில் டாக்டருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. நம்மிடம் அதே ஆள் பத்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் படுத்திருக்கிறார். பேசவும் செய்கிறார்.

கேட்கிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. “காலை விறைப்பு எத்தனை நிமிடம்?” என்று கேட்டால் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் அம்மா திருதிருவென்று விழிப்பார். நான் இப்போது கேட்பது வேறு: “கோலம் போட விரல் மடங்குதாம்மா? துணி பிழிய முடியுதா? எத்தனை மணிக்கு மேல கை ஓடுது?” ஐந்தரைக்கு எழுகிறவர் “ஏழு ஏழரைக்கு மேலதான் தம்பி” என்றால் கணக்கு நமக்கே தெரிந்துவிடும். மூட்டுத் தேய்மானத்தில் வரும் விறைப்பு பெரும்பாலும் அரைமணிக்குள் விட்டுவிடும். “மோதிரம் கழட்ட வரல”, “செருப்புப் போடாம வீட்டுக்குள்ள கால் ஊன முடியல” என்பவையும் காதில் விழ வேண்டிய வார்த்தைகள்தான். முந்திரி எண்ணெய் பட்டுக் கறுத்த விரலைப் பார்த்ததும் வேலைப் பளு என்று முடிவுகட்டத் தோன்றும். அதற்கு முன் கைகுலுக்குவதுபோல அந்த விரல் முட்டி வரிசையைக் குறுக்கே மெல்ல அழுத்திப் பாருங்கள். முகம் சுளித்தால், இரண்டு கையிலும் அப்படியே இருந்தால், ரூமட்டாய்டு என்ற மூட்டு வாதத்தை நினைக்க வேண்டும். ஆரம்ப மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் மூட்டு அரிபடாமல் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். நாம் வேக்ஸ் (சூடான மெழுகு) வைத்துக் கழிப்பது அந்த மாதங்களைத்தான்.

“ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ் சார்” என்று ரூமட்டாய்டுக்கான ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை நீட்டுவார்கள். நெகட்டிவாக இருந்தும் ரூமட்டாய்டு இருக்கலாம். “சிக்குன்குனியா வந்ததிலேர்ந்து இப்படித்தான்” என்பது நம்மூரில் இன்னொரு பல்லவி. 2006-ல் வீட்டுக்கு வீடு படுத்துக் கிடந்த ஊர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் காய்ச்சல் மாதக்கணக்கில் மூட்டைப் படுத்தும் என்பது உண்மை. அதற்காக வீங்கிய மூட்டையெல்லாம் அதன் தலையில் கட்டிவிட முடியாது.

தோலையும் பாருங்கள். முழங்கையில் செதில், நகத்தில் குண்டூசி குத்தியதுபோலப் புள்ளிகள், ஒரு விரல் மட்டும் முழுசாக உப்பியிருப்பது: இவை சோரியாசிஸ் மூட்டுநோயைக் காட்டும். குதிகால் வலிக்கு அல்ட்ராசவுண்ட் சிகிச்சை வைக்கிறோமே, அந்த ஆள் இளைஞராக இருந்தால் இடுப்பையும் கண்ணையும் பற்றிக் கேளுங்கள். இளம்பெண் மூட்டுவலியோடு முடி கொட்டுவதையும் வாய்ப்புண்ணையும் வெயில் பட்டால் முகம் சிவப்பதையும் சொன்னால் அதுவும் சீட்டில் ஏற வேண்டும்.

சிலதற்குக் காத்திருக்கவே கூடாது. காய்ச்சலோடு ஒரே மூட்டு திடீரென்று வீங்கிக் கொதித்தால் மெஷினைத் தொடாதீர்கள். உள்ளே சீழ் இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. பல வருட ரூமட்டாய்டு உள்ளவருக்குக் கழுத்து வலி, கை மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் கழுத்து டிராக்‌ஷனும் நெட்டி எடுப்பதும் ஆபத்து. மேல் கழுத்தெலும்பு நழுவியிருக்கலாம். 50 தாண்டியவருக்கு இரண்டு தோளும் சேர்ந்தாற்போல் பிடித்துக்கொண்டால் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ (தோள் இறுக்கம்) என்று எழுதுமுன் யோசியுங்கள். கூடவே புதுத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் இருந்தால் பார்வையே போய்விடக்கூடும். அவசரம்.

நோயின் பெயரை நாம் சொல்ல வேண்டாம். நோயாளியைப் பயமுறுத்துவதும் நம் வேலை இல்லை. சீட்டு கொடுத்த டாக்டருக்கே பார்த்ததை மட்டும் நாலு வரி எழுதுங்கள்: “காலை விறைப்பு ஒன்றரை மணி நேரம், இரு கை முட்டிகளிலும் வீக்கம், ஆறு வாரமாக. ரூமட்டாலஜி (மூட்டு வாத மருத்துவ) கருத்து தேவையா என்று பார்க்க வேண்டுகிறேன்.” இப்படி எழுதத் தொடங்கியபின் ஒரே ஒருவர்தான் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மற்றவர்கள் நன்றி சொன்னார்கள்.

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே மூட்டு வாத நோய்களைப் பார்ப்பது ‘கிளினிக்கல் இம்யூனாலஜி’ துறை. இந்தப் பெயரைக் கேட்டால் மூட்டு நினைவுக்கு வருமா? நம் ஆட்கள் நேராக எலும்பு வரிசையில் போய் நின்றுவிடுகிறார்கள். கடலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுப் போகிறவர்கள். துறையின் பெயரைச் சீட்டில் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பையன் இப்போது மருந்தில் இருக்கிறான். இந்த நோய்க்கு மருந்தோடு உடற்பயிற்சியும் வேண்டும் என்பதால் மாதம் ஒருமுறை என்னிடம் வருகிறான். இடுப்பு எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஷோபர் டெஸ்டைக் கல்லூரியில் படித்தோமே, நாற்பது சிட்டிங்கில் ஒருதடவைகூட நான் செய்து பார்க்காதது. இடுப்பில் 10 செ.மீ. குறித்துக் குனியச் சொன்னால் நல்ல முதுகில் 15-ஐ ஒட்டி வரும். அவனுக்கு முதலில் அளந்தபோது 12. போன வாரம் 12.5.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து உங்களில் ஒருவன்