பாட்டில் தண்ணி மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல ஓடைத் தண்ணிய பாட்டில்ல புடிச்சு லேப்ல டெஸ்ட் பண்றத பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பசங்க அதோட நிறுத்திக்குவாங்களேன்னுதான் இத எழுதுறேன். பாட்டில்ல இருக்கறது அந்த நிமிஷத்துத் தண்ணி. ராத்திரி யாராவது கழிவ திறந்துவிட்டு காலைக்குள்ள அது ஓடிப் போயிருந்தா பாட்டிலுக்கு தெரியாது, கல்லுக்கு அடில மாசக்கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்கிற பூச்சிக்கு தெரியும்.

காலேஜ்ல அந்தப் பூச்சிய வலை வச்சு புடிக்க முதல் தடவ ஓடைக்கு போனப்ப நான் பண்ண கூத்து இருக்கே! வலையோட வாய் தண்ணி வர்ற பக்கம் பாத்து இருக்கணும், அதுக்கு மேல்பக்கம் நின்னு காலால கல்ல கிளறணும், நான் கீழ்ப்பக்கம் நின்னு பத்து நிமிஷம் மிதிச்சேன், வந்ததெல்லாம் அப்படியே ஓடையோட போயிருச்சு. மறுபடி பண்ணி வெள்ளத் தட்டுல கொட்டினா வெறும் மண்ணும் இலையும்தான். அசையாம ரெண்டு நிமிஷம் பாத்துட்டே இருந்தோம், மண்ணு நடக்க ஆரம்பிச்சுது. கேடிஸ்ஃப்ளைங்கிற பூச்சியோட லார்வா, அதாவது புழுப் பருவம், மணல பட்டு நூலால ஒட்டி குழாய் கட்டிக்கிட்டு தலைய மட்டும் வெளிய நீட்டுது. பக்கத்துல மேஃப்ளைங்கிற இன்னொரு பூச்சியோட குஞ்சு, பெரும்பாலும் மூணு வால், வயித்து ஓரத்துல செவுள படபடன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஸ்டோன்ஃப்ளைன்னு மூணாவது பூச்சி, அதோட குஞ்சுக்கு ரெண்டே வால். தண்ணில ஆக்சிஜன் குறைஞ்சா முதல்ல காணாம போறது இந்த மூணு கூட்டமும்தான், கடைசில மிஞ்சறது ரத்தப்புழு. பேருதான் புழு, கடிக்காத கொசு மாதிரி ஒரு பூச்சியோட லார்வா அது, உடம்புல ஹீமோகுளோபின் இருக்கறதால செவப்பா இருக்கும், மூச்சு முட்டுற சேத்துலயும் தாக்குப்புடிக்கும்.

இன்னொண்ணு, நேரம். பாசி மண்டின குளத்துல மத்தியானம் ஆக்சிஜன அளந்தா எல்லாம் பிரமாதம், ராத்திரி பூரா பாசியும் மூச்சு விட ஆக்சிஜன எடுத்துக்கும், விடியக்காலைலதான் அளவு அடிமட்டத்துக்கு போகும். நாங்க மதிய சாப்பாட்டுக்கு முன்னாடி அளந்துட்டு "நல்ல தண்ணி"ன்னு ரிப்போர்ட் எழுதினவங்க.

நாத்தத்த வச்சும் ஏமாறக் கூடாது. சதுப்புல ஒரு சாண் தோண்டினா சாம்பல் கலர் மண்ணு, வேரோரமா துரு மாதிரி கோடு, அழுகின முட்டை நாத்தம் வேற. பசங்க உடனே சாக்கடைங்கிறாங்க. இல்லப்பா, காத்தே போகாத சேத்துல பாக்டீரியா பண்ற வேலை அது, நல்ல சதுப்புலயும் அடிக்கும்.

அடுத்த தடவ இதையும் போடுங்க. கூடவே ஒரு வரி, புரட்டின கல்ல அதே இடத்துல அதே பக்கம் கீழ இருக்கற மாதிரி வைக்கச் சொல்லி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்